கூழும் எங்களது, இன்சுலினும் எங்களது

(மாணவர்களும் இளைஞர்களும் கூடிய வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நம் பாரம்பரிய உணவே நம் மருந்து" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். தலைப்பைக் கேட்டதும் மறுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஏறக்குறைய இதே தலைப்பில் நான்கு வருடங்களுக்கு முன்பு நானே ஒரு நீண்ட முகநூல் பதிவு எழுதியிருக்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பகிர்ந்தார்கள். அப்படிப் பகிர்ந்தவர்கள் மூலம் அது என் தாய்மாமாவின் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு அவர் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் நான் பேசினால் அது நேர்மையாக இருக்காது. அதனால்தான் வந்தேன்.

மாமா கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு காலனியில் இருக்கிறார். சென்ட்ரிங் வேலை. பதினோரு வருடமாகச் சர்க்கரை. மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவார். சர்க்கரை கூடிக்கொண்டே போக, இனி இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் யாரோ ஒருவர் அவரை ஒரு இயற்கை வாழ்வியல் முகாமுக்கு அழைத்துப் போனார். ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பு. பத்து நாள். கட்டணம் 6,500 ரூபாய். காலையில் ஆவாரம்பூத் தேநீர், மதியம் கம்பங்கூழ், இரவு சிறுகுறிஞ்சான் பொடி. கடைசி நாளில் ஒரு குழி வெட்டி, எல்லோரும் கொண்டுவந்திருந்த மாத்திரைகளை அதில் கொட்டி, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு மரக்கன்றை நட்டிருக்கிறார்கள்.

ஐந்து மாதம் கழித்து வேலையிடத்தில் ஆணி ஏறியது. மரத்துப்போன பாதம் என்பதால் அது ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார். விரல் கறுத்து, காய்ச்சல் வந்து, நினைவு தடுமாறிய பிறகுதான் அத்தை எனக்குப் போன் செய்தார். அரசு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றினார்கள்.

வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் மாமா மாத்திரைய நிறுத்தின?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீதான பாப்பா எழுதியிருந்த, நம்ம சாப்பாடே மருந்துன்னு. படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லும்னு நெனச்சேன்" என்றார்.

மருந்தை நிறுத்துங்கள் என்று அந்தப் பதிவில் நான் எழுதவில்லை. ஆனால் எங்கள் பாட்டன் பூட்டனுக்குச் சர்க்கரை நோய் இருந்ததில்லை என்று எழுதினேன். மருந்துக் கம்பெனிகளுக்கு நாம் அடிமையாகிவிட்டோம் என்று எழுதினேன். எழுதும்போது அது சாதி எதிர்ப்பு அரசியல் என்றும், மேற்கத்திய ஆதிக்க எதிர்ப்பு என்றும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் எது சரி, எது தவறு என்பதை இன்று உங்கள் முன் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

யாருடைய பாரம்பரியம்?

முதலில் உணவு. மாமா அந்த முகாமைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்று என் மனதில் நின்றுவிட்டது. "கூழு ஊத்துனாங்க. தொட்டுக்கக் கருவாடு இருக்கான்னு கேட்டேன். அதெல்லாம் உள்ளயே வரக்கூடாது, அசுத்தம்னாங்க."

எங்கள் தெருவில் கருவாடு இல்லாமல் கூழ் உண்டா? கூழை எடுத்துக்கொண்டு கருவாட்டை வெளியே நிறுத்துகிற அந்தக் கைக்குப் பெயர்தான் இன்று பாரம்பரியம். இன்று கடைகளிலும் யூடியூபிலும் விற்கப்படும் "நம் முன்னோர் உணவு" பட்டியலைப் பாருங்கள். வரகு, சாமை, தினை, கருப்பட்டி, செக்கெண்ணெய், நெய் எல்லாம் இருக்கும். என் ஆயா சமைத்த உணவு அதில் இருக்காது. உப்புக்கண்டம் இருக்காது. மாட்டுக்கறி இருக்காது. சளிக்கு வைத்த நண்டு ரசம், மழைக்காலத்தில் வறுத்த ஈசல், வயல் நத்தை எதுவும் இருக்காது. பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று தேடி வாங்கிவந்து சுட்டுக் கொடுத்த ஆட்டுச் சுவரொட்டியும், வாரச் சந்தைக்குப் போனால் தவறாமல் வரும் ரத்தப் பொரியலும் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் ஊட்டச்சத்தைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலில் இல்லாதவைதான் நம் பெண்களுக்கு மிகவும் தேவை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இறைச்சியிலும் ரத்தத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு, கீரையிலோ தானியத்திலோ உள்ள இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வதில்லை. இது எந்தச் சாதியும் மறுக்க முடியாத உடலியல். ஆனால் 2017இல் ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் சுற்றுக்கு விட்ட தாய்சேய் நலக் கையேடு, கர்ப்பிணிகள் முட்டை, இறைச்சி உள்ளிட்ட அசைவத்தைத் தவிர்க்கச் சொன்னது. ரத்தசோகை நிறைந்த ஒரு நாட்டில் கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இது. இதை மருத்துவம் என்பதா, மனுதர்மத்தின் சமையல் குறிப்பு என்பதா?

அடுத்தது சிறுதானியம். 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு ஒன்றிய பட்ஜெட்டில் இவற்றுக்கு "ஸ்ரீ அன்னா" என்று புதுப்பெயர் சூட்டினார்கள். என் ஆயா கேழ்வரகை உண்டது ஆரோக்கியத்துக்காக இல்லை. அது பண்ணையில் கொடுத்த கூலி. நெல்லை அறுத்தவர்களுக்கு நெல்லுச்சோறு தீபாவளிக்குத்தான் கிடைத்தது. மற்ற நாளெல்லாம் கூழ், அதையும் பண்ணையின் பின்வாசலில் குந்தி, குனிந்து, கையேந்திக் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அரிசிச்சோறு தினமும் பொங்கியது ரேஷன் அரிசி வந்த பிறகுதான். "அரிசி தின்று கெட்டுப்போனோம்" என்று மேடையில் பேசுகிறவர்கள், எங்கள் தட்டுக்கு அரிசி எப்போது வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேழ்வரகு நல்ல உணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமாகக் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் அதே 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது. சோற்றுக்குப் பதில் கம்பு என்பது நல்ல மாற்றம். மாத்திரைக்குப் பதில் கம்பு என்பது ஆபத்து. கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும் என்பதை அந்த மாந்தோப்பில் யாரும் மாமாவிடம் சொல்லவில்லை. அளந்து பார்த்தால்தானே தெரியும்? பத்து நாளும் ஒருவருக்கும் சர்க்கரை அளவு பார்க்கவில்லை.

ஆயாவின் கை

இரண்டாவது, மருத்துவம். என் ஆயா மருத்துவச்சி. நான் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஊர்ப்புற மருத்துவச்சிகளின் வாய்மொழி வரலாற்றை எடுத்துக்கொண்டதற்கு அவர்தான் காரணம். எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் சேரிப் பெண்களும், முடிதிருத்தும் சமூகத்துப் பெண்களும்தான். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரே உண்டு. ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்று ஒதுக்கியவர்கள், அந்தத் தீட்டைத் தொடும் வேலையை நம்மிடம் தந்தார்கள். நாம் தொட்டுத் தொட்டு அதில் ஓர் அறிவைச் சேர்த்தோம்.

ஆயா ஊர்த்தெருவுக்குப் போனால் கொல்லைப்புற வழியாகத்தான் போக வேண்டும். பிள்ளையை வெளியே எடுத்து, தொப்புள்கொடி அறுத்து, குளிப்பாட்டி, தாயின் கையில் கொடுப்பது வரை அவர் கை வேண்டும். அதன்பின் வீட்டைக் கழுவி விடுவார்கள். கூலி முறத்தில் நெல்லும் ஒரு பழைய சேலையும். அவர் கையால் பிறந்த பிள்ளை வளர்ந்து நின்று அவரை "ஏய்" என்று கூப்பிடும்.

அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன். பிள்ளை பிறந்ததும் அடிவயிற்றைத் தேய்த்துவிட்டுக் கருப்பையை இறுகச் செய்வது தெரியும். உடனே மார்பில் போட்டுப் பால் கொடுக்க வைப்பது தெரியும். குறுக்கே கிடக்கும் பிள்ளையைக் கைவைத்தே கண்டுபிடிக்கத் தெரியும். இவற்றை இன்றைய மகப்பேறு மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

அவருக்கு எது தெரியாது என்பதையும் அவரே சொன்னார். "ரத்தம் நிக்கலன்னா எனக்கு வழி தெரியாது கண்ணு. ஆறாம் நாளு ஏழாம் நாளு புள்ள பால் குடிக்கறத நிறுத்திரும், தாடை இறுகிரும், வில்லு மாதிரி வளையும். ஏன்னு எனக்குத் தெரியாது. எட்டுப் பெத்தேன். நாலுதான் நின்னுச்சு." ஆயா வர்ணித்தது ரண ஜன்னி. கொடி அறுத்த கருவியிலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் கிருமி. கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவலான பிறகு, பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் இந்நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதி செய்யப்பட்டது. என் ஆயா இழந்த பிள்ளைகளுக்கு வராத ஊசி, என் அம்மாவுக்கு வந்தது. நான் இங்கே நிற்கிறேன்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று இனி யாராவது சொன்னால், நின்ற நாலைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களே, போன நாலு எங்கே என்று கேளுங்கள். விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். பாட்டன் பூட்டனுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று நான் எழுதினேனே, அந்த நோய் வரும் வயதுவரை எங்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. இருந்தவர்களுக்கும் அளந்து பார்க்க யார் இருந்தார்கள்?

2018இல் திருப்பூரில் ஓர் ஆசிரியை, யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்றதில் ரத்தப்போக்கால் இறந்துபோனார். அன்று அந்த வீட்டில் என் ஆயா இருந்திருந்தால், "வண்டியக் கூப்பிடு" என்று முதலில் கத்தியிருப்பார். மருத்துவச்சியின் அறிவில் முக்கியமான பகுதியே, தன் கை எங்கே முடிகிறது என்று தெரிந்திருப்பதுதான். பாரம்பரியத்தை விற்கிறவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. தாய்மார்களும் கிராமச் செவிலியர்களும் தெருத்தெருவாக நடந்து சேர்த்தது அது.

தொடாத மருத்துவர்

இத்தனை சொன்ன பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மருத்துவமனை அவ்வளவு நல்லதென்றால் மாமா ஏன் மாந்தோப்புக்குப் போனார்? என் பதிவு மட்டும் காரணமில்லை. அவரே சொன்னார்: "அங்க என்னை ஐயான்னு கூப்பிட்டாங்க. பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சு நாடி பாத்தாங்க. பதினோரு வருஷமா மாத்திரை வாங்கறேன், ஒருத்தரும் என் காலத் தொட்டுப் பாத்ததில்ல பாப்பா."

சர்க்கரை நோயாளியின் பாதத்தை அவ்வப்போது தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பது அடிப்படைச் சிகிச்சை. அதைச் செய்திருந்தால் பாதம் மரத்துப்போனது முன்பே தெரிந்திருக்கும். ஏன் செய்யவில்லை? கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்பது உண்மை. அது மட்டும்தான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊர் பேரைக் கேட்டதும் எந்தத் தெரு என்று கேட்கிற நாடு இது.

அண்ணல் அம்பேத்கர் "விசாவுக்காகக் காத்திருக்கிறேன்" நூலில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். 1929இல் காந்தியின் "யங் இந்தியா" இதழில் வெளியான ஒரு கடிதம் அது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் காய்ச்சலில் விழுகிறார். மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு, சேரிக்கு வெளியே வந்து பார்க்கச் சம்மதிக்கிறார். காய்ச்சல்மானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் திரும்பி வந்த மானியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். மருந்து அனுப்புகிறார். மறுபடி பார்க்க வரவில்லை. கணவர் கடையில் ஆளிவிதை வாங்கிவந்து தன்னால் ஆன கைமருத்துவம் செய்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இன்று பல்பொருள் அங்காடியில் ஆளிவிதை அழகான பொட்டலத்தில் கிடைக்கிறது. இயற்கை மருந்து, மாற்று மருந்து என்கிறார்கள். அந்த ஆசிரியருக்கு அது மாற்றாக இல்லை, வேறு கதியில்லாமல் வாங்கினார். வசதி உள்ளவர்களுக்கு இயற்கை மருத்துவம் ஒரு தேர்வு. தோற்றால் மறுநாளே ஸ்பெஷாலிட்டி மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். நமக்கோ கைமருத்துவம் என்பது மருத்துவர் வராத இடத்தில் மிச்சமிருந்த ஒன்று. அதைப் பெருமையாக மாற்றி நம்மிடமே திருப்பித் தருகிறார்கள். நாமும் வாங்கிக்கொள்கிறோம். நான் வாங்கிக்கொண்டேன், எழுதினேன்.

நம் முன்னோடிகள் இந்த விஷயத்தில் குழம்பவில்லை. 1897இல் பூனாவில் பிளேக் பரவியபோது, சாவித்திரிபாய் பூலே தன் வளர்ப்பு மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சையகத்தில் நோயாளிகளுக்குப் பணி செய்தார். மகர் சாதிச் சிறுவன் ஒருவனைத் தோளில் தூக்கிவந்து சேர்த்தார். அந்தப் பிளேக்கே தொற்றி அவர் இறந்தார். அம்பேத்கர் சர்க்கரை நோயாளி. பெரியார் கடைசிக் காலத்தில் சிறுநீர்க் குழாயோடு ஊர் ஊராக மேடை ஏறினார். சாதிக்கு எதிராக நின்றவர்கள், உடம்பைக் காக்க அறிவியலைத்தான் நாடினார்கள். தொடுகிற மருத்துவம் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை.

சோதனைக்கு வராத மருந்து

"அப்படியானால் மூலிகையில் ஒன்றுமே இல்லையா?" என்று தோழர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. நிறைய இருக்கிறது. எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்ப்பகந்தா வேரை ரத்த அழுத்தத்துக்குப் பயன்படுத்தியதை மும்பை மருத்துவர் ரஸ்தம் ஜல் வக்கீல் நோயாளிகளிடம் அளந்து 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் சீன மூலிகை ஒன்றிலிருந்து வந்தது. து யூயூ நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் குறிப்பைக் கண்டார். சூடாக்கினால் மருந்துப்பொருள் கெட்டுவிடுகிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் அதைப் பிரித்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். வழக்கமான கஷாயமாகக் காய்ச்சிக்கொண்டே இருந்திருந்தால் அந்த மருந்து கிடைத்திருக்காது. மாமா பதினோரு வருடம் விழுங்கிய மெட்பார்மின்கூட ஐரோப்பியச் செடி ஒன்றை ஆராய்ந்த வழியில் உருவானதுதான். அந்தக் குழியில் அவர் புதைத்தது ஒரு மூலிகையின் பேரனை.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று உண்டு. இருளர்களைவிடப் பாம்பை அறிந்தவர்கள் யார்? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வணிகம் நின்ற பிறகு, 1978இல் அவர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைக் கறந்து, விஷமுறிவு ஊசி தயாரிக்கக் கொடுக்கிறார்கள். பச்சிலை அறிவும் அவர்களிடம் உண்டு. ஆனால் நாடு முழுக்கப் பாம்புக்கடியில் உயிர் காப்பது அவர்கள் கறந்த நஞ்சிலிருந்து வரும் ஊசி. பழங்குடி அறிவும் ஆய்வகமும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மறுபக்கம், சோதனைக்கு வராதவை என்ன செய்யும்? இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. "இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது" என்று சொல்வதற்கு அர்த்தம், பக்கவிளைவை யாரும் எண்ணவில்லை என்பதுதான் பல நேரம்.

சித்த மருத்துவத்தை நான் இழிவுபடுத்துவதாக நினைக்க வேண்டாம். 1845இல் பிறந்து, 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். சிறுவயதில் அவரிடம் மருத்துவம் பெற்றதைத் திரு.வி.க. நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தன் காலத்தில் கிடைத்த சிறந்த அறிவைச் சேரி மக்களிடம் கொண்டுபோனார். நம் காலத்தில் கிடைக்கும் சிறந்த அறிவைக் கொண்டுபோவதுதான் அவர் வழியில் நடப்பது.

இன்னொரு கேள்வியும் வரும். "மருந்துக் கம்பெனிகள் கொள்ளையடிக்கவில்லையா?" அடிக்கின்றன. 1921இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு சர்க்கரை நோய் கண்ட குழந்தைகளுக்கு இருந்த ஒரே சிகிச்சை உணவுக் கட்டுப்பாடுதான். எலும்பும் தோலுமாகப் பட்டினி போட்டுச் சாவைச் சில மாதம் தள்ளிப் போடுவார்கள். உணவே மருந்தாக இருந்த காலம் அது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டு அந்தக் காலம் முடிந்தது. அப்படி வந்த மருந்தைக் கம்பெனிகள் விலையேற்றினால், விலையைக் குறைக்கப் போராட வேண்டும். அரசே தயாரிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். மருந்தை மண்ணில் புதைத்தால் கம்பெனிக்கு நட்டமில்லை. மாமாவுக்குத்தான் கால் போனது.

என்ன செய்யலாம்?

உங்களிடம் நான் கேட்பது சில எளிய காரியங்கள்.

உங்கள் வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு என எதற்கு யார் மருந்து சாப்பிட்டாலும், மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்த விடாதீர்கள். சாப்பாட்டை மாற்றலாம், நடக்கலாம், எடையைக் குறைக்கலாம். இவற்றால் சிலருக்கு மருந்தின் அளவே குறைகிறது. ஆனால் குறைப்பது அளந்து பார்த்த பிறகு நடக்க வேண்டும். அம்மா, அப்பாவின் பாதத்தை வாரம் ஒருமுறை நீங்களே தொட்டுப் பாருங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து வர வேண்டும். உங்கள் காலனிக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மனு கொடுங்கள். கூலி போகாமல் மருந்து கிடைப்பது ஒரு சாதி ஒழிப்புக் கோரிக்கை.

சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கத்தான் ஆளில்லை.

மருத்துவக் கல்லூரியில் நம் பிள்ளைகள் நுழையும் வழியைக் காப்பது இந்தப் போராட்டத்தின் மையம். அனிதாவை நாம் மறக்கவில்லை. அந்த இடத்துக்காக இத்தனை பேர் போராடும்போது, மருத்துவமே வேண்டாம் என்று நம் மேடையிலிருந்தே ஒரு குரல் வந்தால் அது யாருக்கு உதவும்?

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு. நாம் முகநூலில் எழுதுவதை நம் மாமாக்கள் படிக்கிறார்கள். "படிச்ச புள்ள சொல்லுது" என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. அந்தப் பழைய பதிவை நான் அழிக்கவில்லை. அதன் மேலேயே, எது தவறு என்றும் என் மாமாவுக்கு என்ன ஆனது என்றும், அவர் அனுமதியோடு எழுதி வைத்திருக்கிறேன். முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைப் பகிரவில்லை.

போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார். சென்ட்ரிங் வேலைக்கு இனி போக முடியாது, வீட்டுத் திண்ணையில் சின்னதாகக் கடை போட்டிருக்கிறார். அடுப்படியில் இரண்டு பானைகள் இருந்தன. ஒன்றில் கூழ். பக்கத்தில் சுட்ட கருவாடு. இன்னொன்றில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு டப்பா வைத்திருந்தார்கள். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது, இன்சுலினை அந்தக் குளிர்ச்சியில்தான் வைக்கிறார்கள். செவிலியர் ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம். அவர் மாமாவின் மிச்சமிருக்கும் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

மாமா ஊசியைப் போட்டுக்கொண்டு, அரை டம்ளர் கூழை அளந்து ஊற்றினார். "சாப்புடு பாப்பா" என்று எனக்கு ஒரு சொம்பு நிறைய நீட்டினார்.